என்னுடையதல்லாத ஒன்பதாயிரம் அடிகள்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. நீ அங்கே நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்ப முயல்கிறேன். இங்கே அப்பா நலம், சமையலறைக் குழாய் நலம் (ஒருவழியாகச் சொட்டுவதை நிறுத்திவிட்டது), பால்கனியில் நீ வைத்துவிட்டுப் போன செடிகூட நலம். நான் முக்கால்வாசி நலம். மிச்சத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் தொடங்கியதும் நீ பதறுவாய், நீ பதறியதும் நான் ஒன்றுமில்லைடா என்பேன், அதோடு முடிந்துவிடும். நான்கு முறை அப்படித்தான் முடிந்தது. தாள் குறுக்கே பேசாது, அதனால் தாளில் எழுதுகிறேன்.

முதலில் சொல்லவேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழு வாரமாக உன் போனுக்கு வந்துகொண்டிருக்கும் அந்த எண்கள் என்னுடையவை அல்ல. என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய, அடிகளை எண்ணும் கடிகாரம் என் கையில் இல்லை. அதைக் கட்டிக்கொண்டு நடப்பவர் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், வயது அறுபத்தொன்பது. நீ எனக்கு அனுப்பிய பாராட்டெல்லாம் அவருக்குச் சேரவேண்டியது. இரண்டாவது செய்தி, எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு அருகே வந்துவிட்டது. நோய் என்று பெயர் வைக்கும் கோட்டுக்கு இரண்டு புள்ளி இந்தப் பக்கம் நிற்கிறேன். ஐந்து மாதமாக இதை உன்னிடம் மறைத்தேன், மூன்று வாரத்துக்கு முன்புவரை அப்பாவிடமும் மறைத்தேன். பயப்படாதே, இன்னும் நோய் இல்லை, மாத்திரை இல்லை, எனக்கு எந்த வலியும் இல்லை. இப்போது எப்படி நடந்தது என்பதைப் படி. உன் அம்மா எவ்வளவு படித்தவள் என்பது உனக்கு நன்றாக விளங்கும்.

என் வேலையை நீ உன் நண்பர்களிடம் எப்படிச் சொல்வாய் என்று எனக்குத் தெரியும், வயசானவங்களை உக்காரவச்சு நடக்கச் சொல்றது எங்கம்மா வேலை என்பாய். இதைவிடச் சரியாக என் சான்றிதழ்களும் சொல்லாது. சர்க்கரை வரக்கூடும் என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தவர்கள், பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள், சுகாதார நிலையத்தின் முதல் மாடியில் என் அறைக்கு வருகிறார்கள். நான் சுழல்நாற்காலியில் இருந்தபடி, வாரத்துக்கு நூற்றைம்பது நிமிடம் வேகநடை, இரண்டு நாள் தசைப்பயிற்சி, அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நிற்கவேண்டும் என்றெல்லாம் சொல்கிறேன். நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் சரியான வேகம் என்கிறேன். (இதைக் கேட்ட அப்பா, அப்ப நான் எப்பவுமே சரியான வேகத்துலதான் போறேன், எனக்குத்தான் உக்காந்தாலும் பாட வராதே என்றார்.) அந்த முதல் மாடிக்குப் பதினொரு வருடமாக லிஃப்டில் போய் வருகிறேன். வீட்டிலிருந்து நிலையம் பதினெட்டு நிமிட நடை, அதற்கு ஸ்கூட்டர். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக், அவர் பிழைப்பில் நான் மண்ணைப் போடலாமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதும் உண்டு.

ஐந்து மாதத்துக்கு முன் ஊழியர்களுக்கான வருடாந்திரப் பரிசோதனை நடந்தது. அடுத்த திங்கட்கிழமை கம்ப்யூட்டரில் என் பட்டியலைத் திறந்தால் புதிதாக நான்கு பெயர்கள், நான்காவது பெயர் என்னுடையது. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஆறு புள்ளி பூஜ்யம், வயது நாற்பத்தொன்பது, பார்க்கவேண்டிய ஆலோசகர் என்ற இடத்திலும் நானே. என்னை என்னிடமே அனுப்பியிருந்தார்கள். நேரம் ஒதுக்காத பெயர் சிவப்பாக மின்னிக்கொண்டே இருக்கும், பக்கத்து மேசைக்காரியின் கண்ணில் படும், அதனால் எனக்கு நானே வியாழக்கிழமை நாலு மணிக்கு நேரம் கொடுத்தேன். வியாழக்கிழமை நாலு மணிக்கு டீ குடித்தேன், இரண்டு பிஸ்கட் தின்றேன், ஆலோசனை வழங்கப்பட்டது, நன்கு ஒத்துழைக்கிறார் என்று பதிவுசெய்து மூடினேன். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வரும்படி எனக்கு நானே சொல்லியிருந்தேன். போகவில்லை. வேலை அதிகம் என்று சொல்லலாம், சொல்லிக்கொண்டும் இருந்தேன். சர்க்கரையால் மங்கிய உன் பெரியம்மாவின் இடது கண்ணுக்கு இந்த வருடம் மூன்றாவது முறையாக ஊசி போட்டார்கள், தெரியும் அல்லவா. அங்கே அவளுக்குத் துணையாக உட்கார்ந்திருக்கும்போது சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண், சிறுநீரகம், பாதம் என்று அம்புக்குறி போட்ட படம். அந்தப் படத்துக்கு விளக்கம் எழுதிக்கொடுத்தவளே நான்தான். தெரியாதவர்களுக்கு ஒரு பயம், தெரிந்தவர்களுக்கு வேறு பயம், தெரிந்தவர்களின் பயம் பரிசோதனைக் கூடத்தின் பக்கமே போகவிடாது.

தபால்காரரும் என் பட்டியலில் வந்தவர்தான். முதல் நாள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, நான் வாயைத் திறப்பதற்குள், "டாக்டரம்மா, முப்பத்தெட்டு வருஷம் நடந்தாச்சு. என் பங்கையும் முடிச்சுட்டேன், என் பொண்டாட்டி பங்கையும் முடிச்சுட்டேன். நடையைத் தவிர வேற எதுனா இருந்தா சொல்லுங்க" என்றார். நான் டாக்டர் இல்லை என்றேன். "அப்ப ரொம்ப வசதியாப் போச்சு, நீங்க சொல்றதக் கேக்கணும்னு கட்டாயம் இல்ல" என்றார். நன்மைகளைப் பட்டியல் போட்டேன். வெறுங்கையோட போயிட்டு வெறுங்கையோட திரும்பி வர்றதுக்குப் பேரு நடை இல்லீங்க, தொலைஞ்சு போறது என்றார். மூன்று சந்திப்பு இப்படியே போயிற்று. அடுத்த முறை அவர் எழுந்து கிளம்பும்போது என் மேசையில் கவர்கள் கிடந்தன. வகுப்புக்கு வராதவர்களுக்கும் மறுபரிசோதனையைத் தவறவிட்டவர்களுக்கும் போனில் செய்தி அனுப்பினால் எங்கள் பெரியவர்கள் யாரும் படிப்பதில்லை, அதனால் கவரில் போட்டு அனுப்புவோம். அவர் நின்று மேலே இருந்த கவரை ஒருமுறை பார்த்து, "இந்த வீட்டுக்கு முன்வாசல் பூட்டியே கிடக்கும், பின்னால சுத்தித்தான் போகணும், உங்க ஆளுக்கு அது தெரியுமா" என்று கேட்டார். பதினொரு வருடத்தில் எனக்கு வந்த ஒரே நல்ல யோசனை அப்போது வந்தது, அதிலும் பாதி அவருடையது. நீங்களே கொடுத்துவிடுகிறீர்களா என்று கேட்டேன். முதல் வாரம் நாளைக்கு இரண்டு கவர், பிறகு நான்கு, இரண்டு மாதத்தில் எட்டு. காலில் புண் உண்டா, நெஞ்சில் அழுத்தம் வருகிறதா, செருப்பு கடிக்கிறதா என்று நான் கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். மற்றபடி அவரை நடக்கவைத்தது என் படிப்பல்ல, ஒட்டிய கவரும் அதன்மேல் ஒரு விலாசமும்தான்.

வீட்டில்தான் அவருக்குத் தொல்லை. மனைவி நம்பவில்லை, எந்த டீக்கடை பெஞ்சைத் தேச்சுட்டு வர்றீங்க என்று தினமும் கேட்கிறாராம். சரியாக அந்த வாரம் உன் கடிகாரம் வந்தது. நீ ஆசையாக அனுப்பியதை இரண்டு நாள் கட்டியிருந்தேன். முதல் நாள் ஆயிரத்து எழுநூறு, மறுநாள் ஆயிரத்து அறுநூற்று நாற்பது, அதிலும் பாதி சோபாவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே. அது உன் போனிலும் தெரியும் என்று நீ சொன்னபிறகு, மணிக்கட்டில் ஒற்றன் ஒருவனைக் கட்டிக்கொண்டதுபோல் இருந்தது. தபால்காரர் புலம்பியதும் கழற்றிக் கொடுத்துவிட்டேன். சேவை மனப்பான்மை என்று எழுத ஆசைதான், ஆனால் அது என் கையைவிட்டுத் தொலைந்தால் போதும் என்றிருந்தது. அவர் காலையில் கவர் வாங்க என் மேசைக்கு வரும்போதெல்லாம் கடிகாரம் என் போனை அடையாளம் கண்டு முந்தின நாள் எண்ணைக் கொட்டிவிடும், என் போன் அதை உனக்கு அனுப்பிவிடும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மூன்றாம் நாள் உன் செய்தி வந்தது, அம்மா ஒன்பதாயிரத்து நானூறா, நீயா இது என்று. இல்லை என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பியிருக்கலாம். நான் என்ன அனுப்பினேன் என்று உனக்கு நினைவிருக்கும். முட்டி லேசாக வலிக்கிறது என்று அனுப்பினேன். நீ உடனே தைலத்தின் பெயர் எழுதினாய். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் குறைகிறது என்று கேட்டாய், உடம்புக்கு ஓய்வும் வேண்டும் என்று பாடம் நடத்தினேன். ஞாயிற்றுக்கிழமை தபால் கிடையாது, முப்பத்தெட்டு வருடப் பழக்கம், அவ்வளவுதான் காரணம். பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். என் பொய்க்கு இரண்டு கால் இருந்தது, தினமும் ஒன்பதாயிரம் அடி நடந்தது. நீ உன் அலுவலகத்தில் எல்லோரிடமும் எங்கம்மாவைப் பார் என்று காட்டியதாகச் சொன்ன அன்று இரண்டு வாய்க்குமேல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நடந்திருந்தால் கூட இவ்வளவு எடை குறைந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன், பார்த்தால் எடையும் குறையவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணி. நான் சோபாவில் கால் நீட்டிப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது, அப்பா போய்த் திறந்தார். வாசலில் தபால்காரர், கையில் கவர், மணிக்கட்டில் நீ அனுப்பிய கடிகாரம். அப்பா கவருக்குக் கையை நீட்ட, "மன்னிக்கணும் சார், பேருக்கு உரியவங்ககிட்டதான் குடுப்பேன்" என்றார் அவர். நான் அவ புருஷன்யா என்றார் அப்பா. "இருக்கட்டும் சார், கவர்ல அவங்க பேருதான் இருக்கு, புருஷன்னு போடலியே" என்றார். அப்பாவுக்கு அதைவிடப் பெரிய கவலை கடிகாரத்தில். "இது எங்க வீட்டு வாட்ச் மாதிரியே இருக்கே" என்று அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். "ஆமா சார், டாக்டரம்மா குடுத்தது" என்றார் அவர் பெருமையாக. நான் எழுந்து வந்தேன். கவரின் ஓரத்தில் நீலக்கோடு. வகுப்புக்கு அழைக்கும் கவரில் கோடு இருக்காது, நீலக்கோடு போட்டது ரத்தம் கொடுக்க வராதவர்களுக்கு. இரண்டரை மாதமாகக் கவர் சுமக்கும் மனிதருக்கு இது தெரியாமலா இருக்கும். என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீங்க எவ்வளவு நடக்குறீங்கன்னு ஒருநாள் கேட்டேன், முடிஞ்சவரைக்கும்னீங்க. இந்த சோபா வரைக்கும்தான் முடிஞ்சுதா டாக்டரம்மா" என்றார். நான் டாக்டர் இல்லை என்று திருத்தும் தைரியம் அன்று எனக்கு வரவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, அடுத்த தெருவில் இன்னும் மூணு நீலக்கோடு இருக்கு என்று கிளம்பிவிட்டார்.

எனக்கு விடுமுறையான அந்தச் சனிக்கிழமை அந்தக் கவரைக் கொடுத்தனுப்பியவள் என் பக்கத்து மேசை இளநிலை ஆலோசகர், போன வருடம் சேர்ந்த பெண். திங்கட்கிழமை கேட்டேன். "லிஸ்ட்டுல வந்துச்சு மேடம். எல்லாருக்கும் போட்டேன், உங்களுக்கு மட்டும் போடாம எப்படி விடுறது" என்றாள். எதிர்க்கேள்வி கேட்க இடமில்லை, பட்டியலில் ஒரு பெயரையும் விடாதே என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அப்பா கவரைப் பிரித்து இரண்டு முறை படித்தார். பிறகு, "ஊருக்குத்தான் உபதேசம்னு சொல்வாங்க, அதுக்கு வாசல் நம்ம வீட்டுலயா இருக்கணும்" என்றார். அதற்கு நான் சிரித்துவிட்டேன், அவர் சிரிக்கவில்லை. "அஞ்சு மாசம். பக்கத்துலயே படுத்திருக்கேன், எங்கிட்டச் சொல்லத் தோணலியா" என்று மட்டும் கேட்டார்.  அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கீழே லிஃப்டில் பராமரிப்பில் உள்ளது என்று பலகை தொங்குகிறது. மூன்று மாடி ஏறினேன், நடுவில் இரண்டு முறை நின்று சுவரின் வர்ணத்தை ஆராய்ந்தேன். செவ்வாயும் அப்படியே, புதனும் அப்படியே. பெரிய கோளாறு போலிருக்கிறது, இவர் ஒருவரே எத்தனை வீட்டு லிஃப்டைப் பார்ப்பார் என்று பரிதாபப்பட்டேன். வியாழக்கிழமை நான் இரண்டாம் மாடி திருப்பத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது, அந்த மாடி டீச்சர் அதே லிஃப்டிலிருந்து கூடையோடு வெளியே வந்தார். என்னங்க, தினமும் ஆறு மணிக்குப் பலகையை மாட்டுறார், நீங்க ஏறினதும் கழட்டிடுறார், உங்க வீட்டுல என்ன சண்டை என்று கேட்டார். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அப்பா எனக்காகச் செய்த மிக நேர்மையற்ற காரியம் இதுதான். அதற்குப் பிறகு பலகையை மாட்டவேண்டாம் என்று சொல்லிவிட்டேன், நானே ஏறுகிறேன்.

ரத்தம் கொடுத்தேன். ஆறு புள்ளி மூன்று வந்திருக்கிறது (நோய்க்கோடு ஆறு புள்ளி ஐந்து), அதாவது ஐந்து மாத ஒத்துழைப்பில் மூன்று புள்ளி ஏற்றியிருக்கிறேன். இந்த முறை என்னை என்னிடம் அனுப்பவேண்டாம் என்று எழுதிக்கொடுத்து, அந்த இளையவளிடம் போய் எதிர்நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த நாற்காலி எவ்வளவு தாழ்வு என்று பதினொரு வருடமாக எனக்குத் தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு அரை நிமிடத்தில் எத்தனை முறை எழுந்து உட்காரமுடிகிறது என்று எண்ணினாள். எனக்குப் பதினொன்று. தபால்காரருக்குப் பதினான்கு. எங்களிடம் இருக்கும் அட்டவணை அறுபது வயதில்தான் தொடங்குகிறது, அதன் முதல் வரியில்கூட எனக்கு இடமில்லை. பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டாள், போன ஏழு நாளில் எத்தனை நாள், ஒரே மூச்சில் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் நடந்தீர்கள். இதற்கு எல்லோரும் ஒரு மூணு நாள் இருக்கும் என்பார்கள். அப்படிச் சொன்னால் பூஜ்யம் என்று அர்த்தம், முகத்தில் காட்டிக்கொள்ளாமல் நான் மூன்று என்றே எழுதுவேன். எனக்கும் நாக்கு நுனிவரை மூன்று வந்துவிட்டது. பூஜ்யம் என்று சொன்னேன். அவள் நிமிரவில்லை, பூஜ்யம் என்று எழுதினாள், அடுத்த கேள்விக்குப் போனாள். பூஜ்யம் சொல்கிறவரிடம் முகம் மாறக்கூடாது என்று நான் அவளுக்கு ஒருமுறை சொன்னேன், அதை அவள் இவ்வளவு நன்றாகக் கற்றிருப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இப்போது நடப்பதை எழுதுகிறேன். திங்கள், புதன், வெள்ளி வேலைக்கு நடந்து போகிறேன், பதினெட்டு நிமிடம் என்று மற்றவர்களுக்கு நான் சொல்லும் தூரம் எனக்கு இருபத்தேழு ஆகிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவோடு கால்மணி நேரம். அவர் போகிற வழியில் இருக்கும் ஒவ்வொரு கட்டடத்தின் லிஃப்டைப் பற்றியும் பேசுவார், அதனால் பேசமுடியவேண்டும் என்ற விதி ஒருநாளும் மீறப்படவில்லை. முதல் வாரம் குதிகால் வலித்தது, பழைய செருப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு நல்ல காலணி வாங்கினேன். இதில் ஒரு சாதனையும் இல்லை, வேகநடை என்று சொல்லத்தக்கதை மட்டும் கூட்டினால் வாரத்துக்கு நூற்றைம்பது இன்னும் வரவில்லை. இனிமேல் மூன்று மாதம் கழித்துத்தான் ரத்தம் பேசும். மாறாமலும் போகலாம், மாத்திரை தொடங்கவேண்டியும் வரலாம், இரண்டுக்கும் தயாராகத்தான் இருக்கிறேன். எதுவானாலும் அன்றைக்கே உனக்குச் சொல்வேன், அந்தத் தாளைப் படமெடுத்து அப்படியே அனுப்புவேன்.

கடிகாரத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. தபால்காரரின் மனைவி இப்போது சாயங்காலமானால் அவர் கையைப் பிடித்து எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் சோறு போடுகிறாராம், அவருக்கு ஆறு புள்ளி இரண்டிலிருந்து ஐந்து புள்ளி ஒன்பதுக்கு இறங்கிவிட்டது. நீ அனுப்பிய செய்திகளை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "தம்பி ஞாயித்துக்கிழமையைக் கூடவா கணக்குப் பாக்குது, எங்க போஸ்ட்மாஸ்டரே இப்படிக் கேட்டதில்ல" என்றார், ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. உனக்கு விருப்பமிருந்தால் அவ்வப்போது ஒரு வரி அனுப்பு, அவரிடம் சேர்த்துவிடுகிறேன். என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள உனக்கு இனி என் வாய்ச்சொல்தான். ஏழு வாரம் பொய் சொன்னவளின் வாய்ச்சொல் என்று நீ யோசிப்பாய், யோசிக்கவேண்டியதுதான், சந்தேகம் வந்தால் அப்பாவிடம் கேள். நீ என்னைப் பெருமையாகக் காட்டிய நண்பர்களிடம் உண்மையைச் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம். சொன்னால் தபால்காரரைப் பற்றியும் சொல்லிவிடு.

நீயும் நாற்காலி உத்தியோகம். மத்தியானம் சாப்பிட்டதும் அப்படியே திரையைப் பார்த்து உட்காராதே, பத்து நிமிடம் வெளியே போய்வா. முதுகுக்குத் தலையணை வைத்தால் மட்டும் போதாது. இரவில் கண்ணுக்கும் வேலை கொடுக்காமல் தூங்கு. உன் உடம்பும் மனதும் என்றும் தெம்பாக இருக்க எங்கள் இருவரின் ஆசிகளும் உனக்கு உண்டு. அப்பா தனியாக ஒன்றும் எழுதவில்லை, நீ எழுதினதுலயே கையெழுத்துப் போட்டுக்கிறேன் என்கிறார்.

ஒன்றை மறந்துவிடாதே. அடுத்த மாதம் உன் கம்பெனியில் உடல் பரிசோதனை என்றாய். அதில் ஒரு படிவம் தருவார்கள், பெற்றோரில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று ஒரு கட்டம் இருக்கும். உன் பெரியம்மா மகள் ஒன்பது வருடமாக அதில் ஆம் என்று எழுதுகிறாள். நீ இன்றைய தேதியில் இல்லை என்று எழுதலாம், அது உண்மை, நான் சரிபார்த்துவிட்டேன். இன்னும் பல வருடம் நீ அதை இல்லை என்றே எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் காலையில் காலணியை மாட்டுகிறேன்.

அன்புடன்,
அம்மா

(இதற்குக் கீழே உள்ள கோணல் கையெழுத்து அப்பாவுடையது.)